கல்லைக் கேளுங்கள்: அகார்டைட்டும் அதன் உறவுகளும்

சென்ற இதழில் கிரேக்க நாட்டு லாவ்ரியோன் சுரங்கங்களைப் பற்றி எழுதியபோது, அங்கே கிடைக்கும் அகார்டைட் என்ற பச்சைக் கனிமத்தை இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போனேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. கல்லூரியில் கனிமவியல் நடத்திய காலத்திலிருந்தே என் மனதுக்கு நெருக்கமான குடும்பம் அது. அதனால் இந்த மாதம் வேறு எதையும் தொடவில்லை. செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த அந்தக் குடும்பம் மட்டும்தான்.

அகார்டைட் என்பது ஒரு கனிமமா, பலவா? ஓரிடத்தில் ‘அகார்டைட்’ என்கிறீர்கள், இன்னோரிடத்தில் ‘மிக்ஸைட் குழு’ என்கிறீர்கள். குழப்பமாக இருக்கிறது.
— பள்ளி ஆசிரியை, சேலம்

பல கனிமங்கள். ஆனால் அத்தனைக்கும் கட்டமைப்பு ஒன்றே.

கணக்கு இதுதான்: ஆறு செம்பு அணுக்கள், மூன்று ஆர்சனேட் தொகுதிகள் (ஓர் ஆர்சனிக்கைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்), ஆறு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை), மூன்று நீர் மூலக்கூறுகள். இவற்றுடன் இன்னும் ஒரே ஓர் அணுவுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு எந்தத் தனிமம் வருகிறதோ, அதை வைத்துத்தான் பெயர். பிஸ்மத் வந்தால் மிக்ஸைட். அலுமினியம் வந்தால் கௌடியைட். கால்சியம் என்றால் ஸாலெஸியைட். ஈயம் என்றால் ப்ளம்போஅகார்டைட். இட்ரியம், சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகிய அருமண் தனிமங்களில் ஒன்று வந்தால் அகார்டைட். இந்த நான்கில் எது அதிகமோ அதன் பெயரைப் பின்னால் ஒட்டி, அகார்டைட்-இட்ரியம், அகார்டைட்-சீரியம் என்று நான்கு தனிக் கனிமங்களாக எண்ணுகிறோம். குடும்பத்தில் முதலில் தெரியவந்தது மிக்ஸைட். ஆகவே குடும்பத்துக்கு அதன் பெயர்.

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் மாறுவதில்லை. குடியிருப்பவர் மாறுகிறார், வாசலில் பெயர்ப்பலகை மாறுகிறது.

சுவர் எப்படி எழும்புகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கனிமங்களின் குணமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு செம்பு அணுவையும் சுற்றி ஐந்து ஆக்சிஜன் அணுக்கள்: நான்கு கிட்டத்தில் சதுரமாக, ஐந்தாவது சற்றுத் தள்ளி உச்சியில். இப்படி உருவாகும் சதுரப் பிரமிடுகள் விளிம்போடு விளிம்பு ஒட்டி நீண்ட சங்கிலியாகப் போகின்றன. சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிப்பவை ஆர்சனேட் நான்முகிகள். குடியிருக்க வந்த அந்த ஒற்றை அணு ஒன்பது ஆக்சிஜன் சூழ உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் கோத்து முடிந்த பிறகு, நடுவே அறுகோணக் குழாய்கள் மிச்சப்படுகின்றன. குறுக்களவு சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). நீர் இருப்பது அந்தக் குழாய்களுக்குள்.

சங்கிலிகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. அந்தத் திசையில் அமைப்பு சுமார் 5.9 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. குறுக்கே பார்த்தால் 13.5 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை. படிகமும் சங்கிலி ஓடும் திசையிலேயே விறுவிறுவென்று நீள்கிறது. இந்தக் குடும்பம் மொராக்கோவில் கிடைத்தாலும் ஜெர்மனியில் கிடைத்தாலும் மெல்லிய ஊசிகளாகவே கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

கண்ணுக்கு எப்படி இருக்கும்? படங்களில் ஒருமுறை மஞ்சள் கலந்த பச்சை, ஒருமுறை நீலம், ஒருமுறை வெள்ளையாகவே தெரிகிறதே?
— வாசகர், மதுரை

மூன்றும் உண்மை. என் மேசையில் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலுள்ள கிளாரா சுரங்கத்திலிருந்து வந்த துண்டு ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவு கல். நடுவில் துருநிறத்தில் ஒரு பள்ளம். வெறும் கண்ணால் பார்த்தால் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக் கறை, அவ்வளவுதான். இரட்டைக்கண் நுண்ணோக்கியில் 40 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கறை பிரிந்து ஊசிகளாகிறது. எல்லா ஊசிகளும் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி நாலாபுறமும் விரிந்து நிற்கின்றன. எதற்கும் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியின் நுனியைப் பாருங்கள்: கிட்டத்தட்ட நிறமே இல்லை, பின்னால் இருக்கும் கல் தெரிகிறது. ஊசிகள் நெருங்கி, ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் அடிப்பகுதியில்தான் பச்சை திரண்டிருக்கிறது.

நிறத்தைக் கொடுப்பது செம்பு. குடியிருக்கும் தனிமம் அந்த நிறத்தைச் சற்று மஞ்சள் பக்கமோ நீலப் பக்கமோ நகர்த்தலாம். ஆனால் ஊசியின் தடிமனும் அடர்த்தியும் அதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்கின்றன. ஆகவே நிறத்தைப் பார்த்து ‘இது இட்ரியம், இது சீரியம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

மோதிரத்தில் பதிக்கலாமா?
— வாசகி, காரைக்குடி

முடியாது. கடினத்தன்மை மோஸ் அளவில் (வைரத்துக்கு 10) 3 முதல் 4. ஊசிகள் தொட்டாலே முறியும். தவிர, ஆர்சனிக் உள்ள பொருளை விரலில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதையெல்லாம் யார், எங்கே கண்டுபிடித்தார்கள்?
— அரசு ஊழியர் (ஓய்வு), தஞ்சாவூர்

கதை இன்றைய செக் நாட்டிலிருக்கும் யாஹிமோவில் தொடங்குகிறது. பழைய ஜெர்மன் பெயர் யோவாகிம்ஸ்தால். வெள்ளிக்காகத் தோண்டிய மலை அது. பின்னாளில் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைப் பிரித்தெடுத்த கருநிற யுரேனியத் தாது வந்ததும் அங்கிருந்துதான். 1879இல் ஷ்ரௌஃப் என்ற கனிமவியலாளர் அந்தச் சுரங்கத்துப் பச்சை ஊசிகளை ஆராய்ந்து, பிஸ்மத் கலந்த செம்பு ஆர்சனேட் என்று கண்டு, அங்கே சுரங்க அதிகாரியாக இருந்த ஆன்டன் மிக்ஸாவின் பெயரை வைத்தார்.

அடுத்தது வர நீண்ட காலம் ஆயிற்று. 1969இல் மொராக்கோவின் ஜெபல் சாரோ மலையில், பூ ஸ்கூர் செம்புச் சுரங்கத்திலிருந்து இட்ரியம் உள்ள வகை வெளிவந்தது. ஜூல் அகார் என்ற பிரெஞ்சுப் புவியியலாளரை நினைத்து அகார்டைட் என்றார்கள். 1978இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து மஜூபா ஹில்லிலிருந்து அலுமினிய வகை. 1999இல் செக் நாட்டு ஸாலெஸியிலிருந்து கால்சிய வகை. அதுவும் பழைய யுரேனியச் சுரங்கம். சீரியம் வகையும் ஈய வகையும் 2004, 2005 வாக்கில் கிளாரா சுரங்கத்திலிருந்து. லாந்தனம், நியோடிமியம் வகைகளுக்கு ஊர் லாவ்ரியோன். நியோடிமியம் வகைக்கு 2010இல்தான் அங்கீகாரம் கிடைத்தது.

லாவ்ரியோனைப் பற்றி ஒரு வார்த்தை. கி.மு. 483 வாக்கில் அங்கே கிடைத்த வெள்ளியை ஏதென்ஸ் மக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட இருந்தபோது, அதைக் கொண்டு போர்க்கப்பல் கட்டுங்கள் என்று பேசி ஜெயித்தவர் தெமிஸ்டோக்ளிஸ். மூன்று ஆண்டு கழித்து சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்தவை அந்தக் கப்பல்கள். அப்படி நாடு காத்த சுரங்கத்தின் ஒரு மூலையில், நியோடிமியத்துக்கென்று ஒரு கனிமம் இருபத்தோராம் நூற்றாண்டு வரை காத்திருந்திருக்கிறது. சுரங்கங்களை ‘தீர்ந்துபோனது’ என்று சொல்லும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். வெள்ளி தீரலாம், படிப்பதற்கு இருப்பது தீர்வதில்லை.

ஐயா, எங்கள் துறை அலமாரியில் ‘மாலகைட், மொராக்கோ’ என்று சீட்டு ஒட்டிய பழைய மாதிரி ஒன்று இருக்கிறது. மெல்லிய பச்சை ஊசிகள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டேன், நுரைக்கவில்லை. அகார்டைட்தானே? எப்படி உறுதிப்படுத்துவது?
— முதுகலை புவியியல் மாணவர், திருச்சி

முதலில், அமிலத்தை இனி விடாதீர்கள், தம்பி. இருக்கிற ஊசியும் கரைந்துபோகும்.

மாலகைட் ஒரு செம்பு கார்பனேட். நுரைக்கவில்லை என்பதால் இது கார்பனேட் இல்லை. ஆகவே மாலகைட் இல்லை என்பது வரை சரி. அதற்கு மேல் போக முடியாது. ப்ரோகன்டைட் என்ற செம்பு சல்பேட்டும் பச்சை ஊசிதான், அதுவும் நுரைக்காது. ஆலிவனைட் சில நேரம் இதே மாதிரி முடி முடியாக வளரும். அது செம்பு ஆர்சனேட்தான் என்றாலும் வேறு குடும்பம். மொராக்கோ என்று சீட்டில் இருப்பதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம், சாட்சியாக அல்ல.

இனி கருவிகளுக்கு வருவோம். கடினத்தன்மையை ஊசியில் சோதிக்க முடியாது. ஒப்படர்த்தி 3.6இலிருந்து 3.9 வரை என்று புத்தகத்தில் இருக்கும். ஒரு மில்லிகிராம்கூடத் தேறாத பொருளை வைத்து அதையும் அளக்க முடியாது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு எடுத்தால் குடும்பம் உறுதியாகும். ஆனால் சட்டகம் ஒன்றே என்பதால், குடும்பத்துக்குள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே வரைபடம் வரும். எந்த உறுப்பினர் என்று அது சொல்லாது.

அதற்கு ரசாயனம் வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அதோடு இணைந்த ஈ.டி.எஸ். கருவியும் இருக்கும். எலக்ட்ரான் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் வெளியிடும் எக்ஸ்-கதிர்களை அளப்பது ஈ.டி.எஸ்.; அந்த ஆற்றல்களைத்தான் கே, எல், எம் கோடுகள் என்கிறோம். ஓர் ஊசியை மட்டும் கார்பன் டேப்பில் ஒட்டிக் கொடுத்தால் போதும். ஆனால் மென்பொருள் தானாக எழுதித் தரும் தனிமப் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்தக் குடும்பத்தில் சிக்கல் வரும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

இட்ரியத்தின் எல் கோடு 1.92 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வருகிறது. பாஸ்பரஸின் கே கோடு 2.01இல். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மேடாகத் தெரியும். இது சாதாரணக் குழப்பம் இல்லை. ஆர்சனேட் இருக்க வேண்டிய இடத்தில் பாஸ்பேட் இருந்தால் அது பீட்டர்ஸைட்; 1982இல் நியூ ஜெர்சியின் லாரல் ஹில்லிலிருந்து விவரிக்கப்பட்ட வேறு கனிமம். இட்ரியம் என்று நினைத்தது பாஸ்பரஸாகவோ, பாஸ்பரஸ் என்று நினைத்தது இட்ரியமாகவோ போனால் பெயரே மாறிப்போகும். இட்ரியத்தின் கே கோடு 15க்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டி அங்கே மேடு தெரிகிறதா என்று பாருங்கள்.

அதேபோல பிஸ்மத்தின் எம் கோடு 2.42, ஈயத்தின் எம் கோடு 2.35. மிக்ஸைட்டா ப்ளம்போஅகார்டைட்டா என்பது அந்த இடைவெளியில் இருக்கிறது. இங்கேயும் 12க்கு மேலே இருக்கும் எல்-பீட்டா கோடுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்; ஈயத்தின் எல்-ஆல்ஃபா கோடு ஆர்சனிக்கின் கே கோட்டோடு ஒன்றிவிடும். ஆர்சனிக்கின் எல் கோடு மக்னீசியத்தோடு மோதும், 10.5இல் இருக்கும் கே கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். லாந்தனம், சீரியம், நியோடிமியம் மூன்றும் 4.6க்கும் 5.3க்கும் இடையில் வரிசையாக நிற்கும், அவை ஓரளவு தெளிவாகத் தெரியும்.

அப்புறம் எண்களுக்கு வாருங்கள். கருவி தருவது எடை சதவீதம். பெயர் வைப்பது அணு எண்ணிக்கையை வைத்து. உதாரணமாக இட்ரியம் எடையில் 4 சதவீதம், சீரியம் 5 சதவீதம் என்று வந்தால், சீரியம்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் இட்ரியத்தின் அணு எடை 89, சீரியத்தின் அணு எடை 140. வகுத்துப் பாருங்கள்: 0.045, 0.036. இட்ரியம்தான் முன்னால் நிற்கிறது. ஆகவே அது அகார்டைட்-இட்ரியம். அருமண் கனிமங்களுக்கு, அதிகமாக உள்ள தனிமத்தைப் பின்னொட்டாகச் சேர்க்கும் இந்த முறையை 1966இல் முன்வைத்தவர் லெவின்சன்.

அருமண் தனிமங்களையெல்லாம் கூட்டியும் கால்சியம் அதைவிட அதிகம் என்று வந்தால்? அப்போது அது ஸாலெஸியைட் பக்கம் போகிறது. கால்சியத்துக்கு மின்னூட்டம் இரண்டுதான், இட்ரியத்துக்கு மூன்று. குறைகிற ஒன்றை ஈடுகட்ட, மூன்று ஆர்சனேட்டுகளில் ஒன்றின்மேல் ஒரு ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜனை ஈ.டி.எஸ். பார்க்காது. ஆனால் கணக்கு அதைக் காட்டிவிடும். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. குடியிருப்பவர் மாறினால் வீடு இடிவதில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு புரோட்டான் சேர்ந்து கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறது.

முடிவு வந்ததும் எழுதுங்கள். பழைய சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். அதன் பின்னால் புதிய சீட்டை வைத்து, யார் எந்தக் கருவியில் எந்த ஆண்டு பார்த்தார்கள் என்று குறித்து வையுங்கள்.

அருமண் தனிமத்துக்குத்தான் உலகமே அடித்துக்கொள்கிறதே. இதைத் தோண்டி எடுத்தால் என்ன?
— வியாபாரி, தூத்துக்குடி

கிளாரா சுரங்கத்தில் கிடைத்த அகார்டைட் அத்தனையும் சேர்த்தாலும் ஒரு கைபேசிக்குக்கூடக் காணாது. இட்ரியம் வகையில் எடைக்கு எடை செம்பு 36 சதவீதத்துக்கு மேல், ஆர்சனிக் 21 சதவீதத்துக்கு மேல், இட்ரியம் 8 சதவீதம் சொச்சம். ஒவ்வொரு கிராம் இட்ரியத்துக்கும் இரண்டரை கிராம் ஆர்சனிக்கைச் சுமக்க வேண்டும். யாரும் அதைத் தாது என்று சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து தெற்கே போனால் மணவாளக்குறிச்சி. அங்கே கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டில் இதே சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் டன் கணக்கில் இருக்கின்றன. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அந்தக் கரையைத் தேடி வந்தார். தொழில் அங்கே. அகார்டைட்டில் இருப்பது வேறு விஷயம்: அருமண் தனிமங்கள் நிலத்தடி நீரில் எப்படிப் பயணப்படுகின்றன என்பதற்கான தடயம்.

அந்தப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செம்பும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த டென்னன்டைட் மாதிரியான தாது பாறைக்குள் இருக்கிறது. மேலிருந்து ஆக்சிஜன் கலந்த மழைநீர் இறங்கினால் கந்தகம் சல்பேட்டாகிறது, ஆர்சனிக் ஆர்சனேட்டாகிறது, செம்பு கரைந்து நகர்கிறது. அந்த நீர் பக்கத்துப் பாறையையும் மெல்ல அரித்துக் கொஞ்சம் அருமண் தனிமத்தை எடுத்துக்கொள்கிறது. பெயரில்தான் ‘அரு’ இருக்கிறது. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பு அளவுக்கே உண்டு. இவையெல்லாம் ஏதோ ஒரு சின்னப் பள்ளத்தில் சந்திக்கின்றன. பெரிய படிகத்துக்குப் போதுமான சரக்கு ஒருநாளும் சேர்வதில்லை. ஊசி அளவுக்குச் சேர்கிறது.

குழாய்க்குள் நீர் இருக்கிறது என்கிறீர்கள். அந்த நீரை வெளியேற்ற முடியுமா?
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

முடியும். மெல்லச் சூடாக்கினால் குழாய் நீர் வெளியேறும், கட்டமைப்பு உடனே இடிந்துவிடாது. ஜியோலைட்டுகள் என்ற நுண்துளைக் கனிமங்களில் பார்க்கும் குணம் இது. ஜியோலைட் பெரும்பாலும் அலுமினியமும் சிலிக்கனும் கொண்டது; செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்து நுண்துளைக் கட்டமைப்பைத் தானாக அமைத்துக்கொள்வது அபூர்வம் என்பதால்தான் ஆராய்ச்சியாளர்கள் இதன்மேல் ஆசைப்படுகிறார்கள். இன்னும் வெப்பத்தைக் கூட்டினால் ஹைட்ராக்சிலும் போய்விடும். அதன் பிறகு அது வேறு பொருள். வீட்டில் சூடாக்கிப் பார்க்க நினைக்காதீர்கள். ‘கரியில் வைத்து ஊதினால் பூண்டு வாசனை வரும்’ என்று பழைய பாடப்புத்தகங்கள் ஆர்சனிக்குக்கு ஒரு சோதனை சொல்லும். அந்த வாசனை மூக்குக்கு வருகிறதென்றால் ஆர்சனிக் நுரையீரலுக்குப் போகிறது என்று பொருள். என் மாணவர்கள் யாரையும் அதைச் செய்ய நான் விட்டதில்லை.

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். ஒன்பது வயது மகனுக்குக் கல் பைத்தியம். கிளாரா சுரங்கத்துக்கு அழைத்துப் போகலாமா? ஆர்சனிக் என்று கேட்டதும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், ஜெர்மனி

தாராளமாக அழைத்துப் போங்கள். உங்கள் மகன் கொடுத்துவைத்தவன். 400க்கும் மேற்பட்ட கனிமங்கள் பதிவான இடம் அது. உலகத்தில் அப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சுரங்கத்தில் இன்றும் பாரைட்டும் ஃப்ளூரைட்டும் எடுக்கிறார்கள், ஆகவே உள்ளே தேட விடமாட்டார்கள். வோல்ஃபாக் அருகே, கட்டணம் செலுத்தித் தேட அனுமதிக்கும் கல்குவியல் ஒன்று இருக்கிறது. திறந்திருக்கும் நாட்களைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஓபர்வோல்ஃபாக்கில் கனிமங்களுக்கும் கணிதத்துக்குமாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கண்ணைப் பழக்கிவிட்டு அப்புறம் குவியலுக்குப் போவது நல்லது.

பயத்தைப் பற்றி. கல்லுக்குள் கட்டுண்டிருக்கும் ஆர்சனேட் தொட்டவுடன் உடம்புக்குள் ஏறிவிடாது. ஆபத்து தூசியிலும், கையிலிருந்து வாய்க்குப் போவதிலும் இருக்கிறது. கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடக் கூடாது. கல்லை நக்கிப் பார்க்கிற, எச்சில் தொட்டுத் துடைக்கிற பழக்கம் கூடவே கூடாது. பெரிய சேகரிப்பாளர்களே இதைச் செய்கிறார்கள், பையன் பார்த்துப் பழகிவிடுவான். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பச்சை ஊசி இருக்கிற துண்டை மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். தூரிகையால் தட்டுவதோ வாயால் ஊதுவதோ வேண்டாம்: ஊசியும் போகும், தூசியும் பறக்கும். சமையலறை மேசையில் கல் உடைப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் பாஷாணமும் துத்தமும் இருக்கின்றனவே. இதுவும் அந்த வகையா?
— வாசகர், பாளையங்கோட்டை

இல்லை. தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக் சல்பைடுகள். மயில்துத்தம் செம்பு சல்பேட். நாம் பேசும் கனிமம் இவற்றில் எதுவும் இல்லை, எந்த மருந்துக்கும் ஆகாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பச்சை நிறம் ஏறிய பழைய மரக்கம்பங்களிலும் செம்பு ஆர்சனேட் இருக்கிறது என்று மரக்கடையில் சொன்னார்கள். அது உண்மையா?
— தச்சர், ஈரோடு

உண்மைதான். கேட்டதற்கு நன்றி, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றின் கரைசலை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்சனிக் கரையானைத் தடுக்கும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். உலகம் முழுக்கப் பரவிய இந்த முறையை 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர் சொண்டி காமேசன் என்ற இந்தியர். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு இதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த மாதிரி மரம் கைக்கு வந்தால் இழைக்கும்போது முகக்கவசம் போடுங்கள், தூளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். அடுப்பில் எரிக்கவே கூடாது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் போய் நிற்கும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுவது அதைவிட மோசம்.

பெட்டியில் சீட்டு எழுதும்போது என்ன எழுதுவது? ஆய்வுக்கூட வசதியெல்லாம் எனக்கு இல்லை. வாங்கிய இடத்தில் ‘அகார்டைட்-சீரியம்’ என்று சொன்னார்கள்.
— சேகரிப்பாளர், புதுச்சேரி

விற்றவரிடம் பகுப்பாய்வுத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதன் நகலைப் பெட்டியோடு வையுங்கள், அவர் சொன்ன பெயரையே எழுதுங்கள். இல்லையென்றால் ‘மிக்ஸைட் குழு’ என்று எழுதுங்கள், கீழே சுரங்கத்தின் பெயர், ஊர், நாடு, யாரிடம் எப்போது வாங்கியது. சீரியம் என்று அவர் சொன்னதையும் ‘விற்றவர் கூற்று’ என்று அடைப்புக்குள் சேர்க்கலாம்.

நிறைய பேருக்கு இப்படி எழுத மனம் வருவதில்லை. குழுப் பெயர் என்றால் மதிப்புக் குறைவு என்று நினைக்கிறார்கள். ஆனால் ஒரே பள்ளத்தில் வளர்ந்த பக்கத்துப் பக்கத்து ஊசிகளில்கூடக் கால்சியமும் சீரியமும் வெவ்வேறு அளவில் இருக்கக்கூடும்; ஒரே ஊசியின் அடியும் நுனியும் வேறுபடலாம். ஊகித்து எழுதிய பெயர் கைமாறிக் கைமாறி அருங்காட்சியகம் வரை போய்விடும், பிறகு யாரோ அதை நம்பிக் கட்டுரை எழுதுவார்கள். சுரங்கத்தின் பெயர் சரியாக இருந்தால், பெட்டி யார் கைக்குப் போனாலும் கனிமத்தின் பெயரைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். சுரங்கத்தின் பெயர் தொலைந்தால் எந்தக் கருவியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே சீட்டில் முதல் வரியாக ஊரை எழுதுங்கள், பென்சிலாலோ நீரில் அழியாத மையாலோ. பெட்டியின் மூடியில் ஒட்டாதீர்கள், மூடி மாறிவிடும், அடிப்பகுதியில் ஒட்டுங்கள்.